622இலிருந்து 584க்கு

ஜூன் 4
விரல்களின் மரமரப்பு இன்னும் போகவில்லை. சைக்கிளின் 28 மி.மீ. டயரில் 90 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றடித்துக்கொண்டு ஜல்லி பெயர்ந்த சாலையில் போனால், ஒவ்வொரு குலுக்கலும் நேராக மணிக்கட்டில் வந்து இறங்குகிறது. இப்போதுள்ள 700சி அளவுச் சக்கரத்தோடு இதைவிடப் பருமனான டயர் இந்தச் சட்டத்தில் நுழையாது. ஆகவே சக்கரத்தையே சிறிதாக்கி 650பி அளவுக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 5
டயர் அமரும் விட்டம் 700சி ரிம்மில் 622 மி.மீ.; 650பி-யில் 584. ஆரத்தில் 19 மி.மீ. குறைவதால், பிரேக் கட்டைகளும் அவ்வளவு கீழே இறங்கியாக வேண்டும். பிரேக் போல்ட்டின் மையத்திலிருந்து கட்டை படும் இடம் வரை இப்போது முன்சக்கரத்தில் 49, பின்சக்கரத்தில் 52. மாற்றியபின் 68, 71. டெக்ட்ரோ ஆர்559 பிரேக் 73 வரைதான் எட்டும். பின்னால் மிஞ்சுவது 2 மி.மீ.

ஜூன் 6
2 மி.மீ. போதுமா?

ஜூன் 9
பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் இரு குழாய்களுக்கு நடுவே 42 மி.மீ. டயர் அடங்குமா என்ற கவலை இன்று முழுவதும் விடவில்லை. பழைய டயரின் அகன்ற பகுதி பின்னச்சிலிருந்து ஏறத்தாழ 325 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, புதியதில் அது 313 ஆகும். அந்தக் குழாய்கள் பின்னால் போகப் போக விலகுவதால், இந்த 12 மி.மீ. பின்வாங்கலே டயருக்கு இடம் தருகிறது. அளந்தால் அங்கே 54 மி.மீ. அகலம், பக்கத்துக்கு 6 மி.மீ. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! சக்கரத்தின் மொத்த விட்டம் 678இலிருந்து 668 ஆகிறது. பெடல் 5 மி.மீ. தாழும் என்பதால், வளைவுகளில் உட்பக்கப் பெடலை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 12
மலைச் சைக்கிளின் 27.5 அங்குலச் சக்கரத்துக்கும் அதே 584தான். டயர், ட்யூப் கிடைக்கும் கவலை தீர்ந்தது.

ஜூன் 15
பார்சல் வரவில்லை. மோதிர விரல் இரவில் எழுப்பிவிட்டது.

ஜூன் 20
சக்கர நடுவிலுள்ள பழைய ஹப்களை வைத்துக்கொண்டு, சுமார் 19 மி.மீ. குட்டையான ஸ்போக்ஸ் கம்பிகளைக் கோத்துக் கோட்டம் எடுத்தாயிற்று. முன்பிரேக் சிரமமின்றிப் பொருந்தியது.

ஜூன் 22
பின்பிரேக் எட்டிவிட்டது! கட்டைகள் பிரேக் கையிலுள்ள நீள்துளையின் அடியை ஒட்டி நின்றாலும் முழுப் பரப்பும் ரிம்மில் படிகின்றன, டயரைத் தொடவில்லை. ஆனால் டயருக்கும் குழாய்க்கும் இடைவெளி இடப்பக்கம் 7, செயின் பக்கம் 5 என்றிருக்கிறது. இடப்பக்கக் கம்பிகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் ரிம் நடுவுக்கு வரும். அது நாளைக் காலை வேலை.