தாளில் 17.6

தங்கச்சியின் மகனுக்கு இப்போது ஐந்து மாதம். பிரசவ லீவு முடிந்து அவள் களுவாஞ்சிக்குடிக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து பகலில் பால்மாதான். கரைத்துக் கொடுப்பது அம்மா. கிணத்துத் தண்ணியை அள்ளி, வெள்ளைத் துணியால் வடித்து, பத்து நிமிசம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துப் பிறகுதான் போத்தலில் ஊற்றுவார். இதைவிடக் கவனமாக யாரும் செய்ய ஏலாது.

நிறை பார்க்க வந்த மிட்வைஃப்தான் கேட்டிருக்கிறார், இந்தக் கிணத்துத் தண்ணியை எப்பவாவது பரிசோதித்தீர்களா என்று. அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் பெத்த மூணும் இந்தத் தண்ணியிலதான் வளர்ந்தது" என்றாராம். அன்று இரவு எனக்குப் போன். "மனே, நீ டவுன்ல இரிக்காய்தானே, இந்தத் தண்ணிய ஒருக்கா குடுத்துப் பாரு. அந்தப் புள்ளைட வாய அடைக்கோணும்."

எங்கள் வீடு மட்டக்களப்பு டவுனுக்குத் தெற்கே, களுதாவளையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வெறும் மணல். அந்த மணலில்தான் மிளகாயும் கத்தரியும் வெற்றிலையும் தழைக்கிறது. பத்தடி தோண்டினால் தண்ணி. கண்ணாடி மாதிரி, கிணத்தின் அடி தெரியும். தேத்தண்ணி போட்டால் நிறம் கெடாது. அம்மா அந்தக் கிணத்தைப் பற்றிப் பேசுவது பெத்த பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரி.

ஒரு சனிக்கிழமை இரண்டு போத்தலில் நிரப்பிக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். தாள் வந்தது. மலத்திலிருந்து வரும் கிருமியான ஈ.கோலை இல்லை. அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். தண்ணியில் கரைந்து கிடக்கும் நைத்திரேற்று என்ற உப்பு 17.6. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை விடுகிறது என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பி, "பாஸ்" என்று எழுதிவிட்டேன்.

இரவு படுக்கப்போகும்போதுதான் அந்த வரியின் கடைசியில் சின்னதாக இருந்ததைக் கவனித்தேன்: 'நைதரசனாக'. நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதுவார்கள். முழு நைத்திரேற்றாக எழுதினால் வரம்பு 50. அதிலுள்ள நைதரசனை மட்டும் எழுதினால் வரம்பு ஏறக்குறைய 11. ஒன்றை மற்றதாக்க 4.43 ஆல் பெருக்க வேண்டும். போனில் தட்டிப் பார்த்தேன். 78. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன் என்பதை இங்கே மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதன்பிறகு நித்திரை வரவில்லை. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கோம்லி என்ற வைத்தியர், பண்ணை வீட்டுக் கிணத்துத் தண்ணியில் கரைத்த பால் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்துப் போனதைப் பற்றி எழுதியிருக்கிறார். குடித்த நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்று என்ற இன்னொன்றாகி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தின் சிவப்பு, ஒட்சிசனைச் சுமக்கமுடியாத வேறொன்றாக மாறுகிறது. உதடும் நகமும் நீலமாகும். பெரியவர்கள் அதே தண்ணியைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் திரிவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து. எங்கள் மூன்று பேரையும் அம்மா பால்மாவில் வளர்க்கவில்லை, தாய்ப்பால்தான். அதனால்தான் கிணற்றுக்கு இத்தனை வருசமும் நல்ல பெயர்.

இன்னொன்றும் உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஆவியாகிப் போவது தண்ணிதான், நைத்திரேற்று பானையில் நிற்கிறது. பத்து நிமிசம் கொதித்து வற்றிய தண்ணியில் அது இன்னும் கூடித்தான் இருக்கும். குளோரின் போட்டாலும், மட்பாண்ட வடிகட்டியில் விட்டாலும் இதே கதை.

அடுத்த சனிக்கிழமை போய் நான் முதலில் பார்த்தது பக்கத்து வளவு மாமாவின் மிளகாய்த் தோட்டத்தைத்தான், உண்மையைச் சொல்கிறேன். மணலில் போடும் யூரியா அங்கேயே நிற்காது. மண்ணில் அது நைத்திரேற்றாக மாறுகிறது, நைத்திரேற்றை மணல் பிடித்துவைக்காது, ஒரு மழை போதும், நேராகக் கீழே. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டேன், எத்தனை தரம் பசளை போடுகிறீர்கள் என்று. மாமா கோபிக்கவில்லை. "மருமகன், 2021ல அரசாங்கம் ரசாயனப் பசளைய நிப்பாட்டினாங்களே, அந்த வருசம் என்ட தோட்டத்தப் பார்த்த நீங்கதானே?" பார்த்தேன். மஞ்சள் பூத்துக் கிடந்தது. பிறகு அவர், "என்டய மட்டும் ஏன் கேக்கிறீங்க, உங்கட கக்கூஸ் குழி எங்க இரிக்கி?" என்றார்.

டேப் பிடித்து அளந்தேன். கிணத்திலிருந்து 31 அடி. 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பார்கள். அந்தக் குழியை வெட்டுவித்தது அப்பா, இடம் காட்டியது அம்மா. குழியிலிருந்து இறங்கும் கிருமியை மணல் ஓரளவு வடிகட்டுகிறது, அதனால்தான் தாளில் ஈ.கோலை இல்லை. மூத்திரத்திலிருந்து வரும் நைத்திரேற்றை வடிகட்டாது. 78இல் எத்தனை மாமாவினது, எத்தனை எங்களுடையது என்று பிரிக்க அந்தத் தாளால் முடியாது.

கிணத்தை இறைத்துச் சுத்தமாக்குவோம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். 2004 மார்கழி 26இல் கடல் வந்த பிறகு கல்லடியில் பெரியம்மா வீட்டுக் கிணத்தை மோட்டர் வைத்து இறைத்தார்கள், நாலு தரம், ஐந்து தரம். இறைக்க இறைக்க உப்புக் கூடியது. எங்கள் கரையில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே இழுத்துக் குறைத்தால் கீழே இருக்கும் உப்பு ஏறி வரும். பெரியம்மா அந்தக் கிணத்தை மூன்று மழைக்காலம் அப்படியே விட்டார். நைத்திரேற்றும் இறைத்துத் தீராது, சுற்றிலும் மண் முழுக்க அதே தண்ணிதான்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் டவுனிலிருந்து இரண்டு கேன் கொண்டுபோகிறேன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி, வவுணதீவில் சுத்திகரித்து வருவது. பஸ் கண்டக்டருக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். அம்மா இந்தத் தண்ணியை முகர்ந்து பார்த்து, "மருந்து மணக்குது" என்றார். பேரனுக்கு மட்டும் அதை எடுக்கிறார், அதையும் கொதிக்கவைத்துத்தான். அது நல்லது, பால்மாவுக்குக் கொதித்த தண்ணி வேண்டும், வற்றவிடாமல் இறக்குங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தனக்குக் கிணத்துத் தண்ணிதான். நான் வாக்குவாதப்படவில்லை.

மிட்வைஃபிடம் தாளைக் காட்டினீர்களா என்று கேட்டேன். "காட்டினன். அந்தப் புள்ள நல்ல புள்ள" என்றார்.

மாசியில் மழை விட்டதும் திரும்பவும் தண்ணி கொடுக்க இருக்கிறேன். மாமா தன் கிணத்துத் தண்ணியையும் ஒரு போத்தலில் தருவதாகச் சொல்லி, பரிசோதனைக் காசை இப்போதே தந்துவிட்டார். மருமகள் பெறுமாதமாம்.