தறிக்குழியும் தாத்தாவும்

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு எப்படியோ இத்தனை நாள் போகாமலே இருந்துவிட்டேன். சென்னைக்குப் பக்கத்தில் 1996இல் திறந்த அருங்காட்சியகம். தென் மாநிலங்களில் இடிக்கவிருந்த பழைய வீடுகளைப் பிரித்து, தூண், கதவு, உத்தரம் என்று கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எல்லோரும் செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். சரி, அழகுதான்.

எனக்குக் கால் நகராத இடம் நெசவாளர் வீடு. சென்னிமலையில் தாத்தா நெய்ததும் இப்படியொரு குழித்தறியில்தான். தரையோடு தரையாக உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிப்பார். குழியின் ஈரத்தில் இழை அறுந்துபோகாது என்பார். அப்பத்தா பக்கத்தில் ராட்டையில் தார், அதாவது குறுக்கு நூலுக்கான சிறு குழல், சுற்றிக்கொண்டே எங்களைத் திட்டுவார். நெசவு என்றால் தறிக்காரர் மட்டும் என்று நினைக்கிறோம். பாவு என்கிற நெடுக்கு நூலை ஓட்ட, அதற்குக் கஞ்சி போட, தார் சுற்ற வீடே வேலை செய்யும், கூலி என்னவோ ஒருவர் பெயரில்தான்.

ஒரு குறை சொல்ல வேண்டும். அங்கே எல்லா வீடும் பளிச்சென்று இருக்கிறது. நெசவாளர் வீட்டின் முன்பணக் கடனையும், மழைக்காலத்தில் பாவு காயாமல் வேலை நின்றுபோன நாட்களையும் எந்த அருங்காட்சியகமும் காட்டாது. தாத்தா அப்பாவைத் தறிப்பக்கமே விடாததற்குக் காரணம் அதுதான்.

பிள்ளைகளோடு போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. அப்புறம், சென்னிமலைப் பக்கம் யார் வீட்டிலாவது இன்னும் குழித்தறி ஓடினால் சொல்லுங்கள், மகளைக் கூட்டிவர வேண்டும்.