சித்தப்பா கோரிய ஒப்பந்தப்புள்ளி

மின்வாரிய ஸ்டோர்ஸில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டிய மனுஷரிடம் போய், "நல்ல நெட் கனெக்‌ஷனாப் பார்த்துப் போட்டுக்கோங்க சித்தப்பா" என்று சொல்லியிருக்கக் கூடாது. ஒரே வாரத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரிவிட்டார். ஃபுல்ஸ்கேப் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒப்பீட்டுப் பட்டியல், மூன்று கம்பெனி, ஒன்பது கட்டம். அந்தத் தாள் மேல் சித்தி காபி டம்ளரை வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

பட்டியலில் குறை சொல்ல முடியாது. விளம்பரத்தில் 599 என்றிருந்தால் பக்கத்திலேயே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 706.82. ஆறு மாதம் முன்பணம் கேட்டவனுக்கு 4,240.92. மோடம் இலவசமா, டெபாசிட்டா, டெபாசிட் என்றால் திரும்ப வருமா? "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்றால் கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர் வயர் வரைக்கும் ஃப்ரீ? இந்தக் கடைசிக் கேள்விக்கு அப்புறம் ஒரு சேல்ஸ் பையன் இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. 100 எம்பிபிஎஸ் என்பதை எட்டால் வகுத்து, நொடிக்கு 12.5 மெகாபைட் என்றும் எழுதி வைத்திருந்தார். அதை நான் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை.

'அன்லிமிடெட்' என்பதற்கு நேரே மட்டும் சிவப்பு மை: "3,300 ஜிபி". நிறைய திட்டங்களில் இதுதான் வரம்பு, தாண்டினால் வேகத்தை நசுக்கிவிடுவார்கள். "பாத்தியாடா, ஏமாத்துறான்." ஹெச்டியில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 3 ஜிபி, மாதத்துக்கு மொத்தமே 720 மணி நேரம், சித்தி தூங்காமல் கொள்ளாமல் சீரியல் பார்த்தாலும் 2,160-தான் ஆகும் என்றேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்கு டிபன் கிடையாது என்று தெரிந்தது.

விலைப் பட்டியலை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, அதுதான் சங்கதி. நம் கம்பத்தில் யார் பெட்டி இருக்கிறது, வயர் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவான், ஃபைபர் என்கிற கண்ணாடி இழை வழியாக அக்கம்பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வருகிறது, இந்த மூன்றும்தான். அதனால் சொன்னேன்: கம்பெனிக்கு ஒரு வீடாக, அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டு வைஃபையில் போனைச் சேர்த்து, பிரவுசரில் 192.168.1.1 அடித்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைப் போட்டால் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று, வந்து சேரும் வெளிச்சத்தின் அளவாக ஒரு எண் இருக்கும், குறித்துக்கொண்டு வாருங்கள்.

எதிர்வீடு மைனஸ் 19. மாடி வீடு மைனஸ் 22. ரேஷன் கடை முனை வீடு மைனஸ் 27.

ஒன்பதாவது கட்டம் இதுதான். மற்ற எட்டிலும் மூன்று பேரும் ஏறக்குறைய சமம். சித்தப்பா மூன்று எண்ணையும் பார்த்தார், மைனஸ் 27-ஐ வட்டம் போட்டார், பக்கத்தில் 'எல்-1' என்று எழுதினார். டெண்டரில் குறைந்த விலைப்புள்ளிக்குத்தானே ஆர்டர்! செக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். செக்கை வாங்கிய பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.

ஆனால் அந்த எண்ணின் கணக்கே வேறு: ஒரு மில்லிவாட் வெளிச்சம் என்றால் பூஜ்யம். மைனஸ் 20 என்றால் அதில் நூறில் ஒரு பங்கு, மைனஸ் 27 என்றால் ஐநூறில் ஒரு பங்கு. மூன்று இறங்கினால் பாதி. ஒரு ஃபைபரை எட்டு வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே சுமார் 10 தின்றுவிடும். 15-க்கும் 24-க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. 27 விளிம்பு, அதைத் தாண்டினால் மோடத்துக்குக் கண் மங்கும், சிக்னல் போச்சு என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும்.

மின்னியது. தினமும் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு. "பீக் அவர் லோடு" என்று வாரியத்து பாஷையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார் சித்தப்பா. மடிப்பாக்கத்தில் ஆறு மணிக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கொசு வரும். சித்தி ஜன்னலைச் சாத்துவார். வயர் அந்த ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறது. கண்ணாடி இழை மடங்கினால் வெளிச்சம் வளைவிலேயே ஒழுகிவிடும். மீட்டர் வைத்துப் பார்த்ததில் திறந்தால் மைனஸ் 27, சாத்தினால் மைனஸ் 30. ஜன்னலைச் சாத்தாதே என்று சித்தியிடம் சொல்லிப் பார்த்தார். "கொசு உங்க எல்-1-ஐக் கேட்டுட்டா வருது?"

பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் கம்பெனி லைன்மேன் தம்பி, போன் பண்ணிய அரை மணியில் வந்துவிட்டார். கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு எறும்புக் குடித்தனம். அதற்கும் பின்னால், பச்சை அடாப்டரில் நீலத் தலை கனெக்டர். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் நேர்முனை. சொருகினால் சொருகும், 'டக்' என்ற சத்தம்கூட வரும். ஆனால் கண்ணாடியும் கண்ணாடியும் ஒழுங்காக ஒட்டாது. அவர் நீலத்தை வெட்டி எறிந்து, பச்சைத் தலை வைத்த புது இழையை மெஷினில் வைத்து ஒட்டினார். வெட்டிய முனையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்த சித்தப்பாவை அவர் போட்ட அதட்டல் நியாயம்; அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

இப்போது மைனஸ் 21. ஜன்னலைச் சாத்தினால் 24. முனை வீட்டுக்கும் சேர்த்துச் சரியாகிவிட்டது. கூப்பிட்ட அரை மணியில் ஆள் வரும் கம்பெனி, தப்புக் கணக்குப் போட்டே சித்தப்பாவுக்கு வாய்த்திருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சித்தப்பாவைத் தவிர. நேற்று ராத்திரி கம்பெனி மேலாளருக்கு முத்துமுத்தான கையெழுத்தில் ஒரு கடிதம் போயிருக்கிறது: "தங்கள் விலைப்புள்ளியின்போது மைனஸ் 27 எனக் காணப்பட்ட நிலையில், தற்போது மைனஸ் 21 மட்டுமே வழங்கப்பட்டு வருவது வருந்தத்தக்கது. ஒப்புக்கொண்ட அளவை உடனடியாக வழங்குமாறு..."

நகல் எனக்கு. தொழில்நுட்ப ஆலோசகராம்.