கிரவுனுக்கு அடியில் 2 மி.மீ.

ஜூன் 3, திங்கள்

ரூட் கேனால் முடிந்த கீழ்க் கடைவாய்ப்பல். இனி அதற்குக் கிரவுன், அதாவது பல்லை மூடும் உறை, போட வேண்டும். பழைய ஃபில்லிங்கையும் சொத்தையையும் எடுத்தாயிற்று. நாக்குப் பக்கச் சுவர் உயரமாக நிற்கிறது, கன்னப் பக்கம் பாதி, பின்பக்க விளிம்பு மேடு (கடிக்கும் பரப்பின் ஓரத்து வரப்பு) அடியோடு போயிருக்கிறது. 'ரூட் கேனால் செய்தால் பல் காய்ந்து நொறுங்கும்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்கடைவாய்ப்பற்களில் அளந்தபோது, ரூட் கேனால் வேலையால் மட்டும் குறைந்த விறைப்பு சுமார் 5%. இரண்டு விளிம்பு மேடுகளையும் வெட்டியபோது 63%.

ஆகவே முதல் வேலை, காலிப்பரால் சுவர்களை அளப்பது. இன்று 2 மி.மீ. தடிமன் உள்ள சுவர், கிரவுனுக்காக 1 மி.மீ. சீவியபின் 1 மி.மீ.தான். அதற்கும் மெலிந்தால் அந்தச் சுவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஜூன் 4, செவ்வாய்

ஃபெரூல் என்றால் பூண், உலக்கைப் பூண் மாதிரிதான். பூண் மரத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கிரவுன் விளிம்புக்கு மேலே சொந்த டென்டின் (எனாமலுக்கு உள்ளே உள்ள பல் திசு) 1.5 முதல் 2 மி.மீ. உயரம் சுற்றிலும் வேண்டும். பல் நிற ரெசினான கம்போசிட்டைப் பிடிக்கும் பூண் ஏமாற்று வேலை.

இந்தப் பல்லில் பின்பக்கம் அரை மி.மீ. கூட இல்லை, மற்ற மூன்று பக்கமும் தேறும். ஆழமான விளிம்பைக் கம்போசிட்டால் உயர்த்தினால் அளவெடுக்க வசதி, அவ்வளவுதான். அதனால் ஃபெரூல் வந்துவிடாது. ஈறும் எலும்பும் குறைத்து கிரவுன் லெங்தனிங் செய்யலாம், விளிம்புக்கும் எலும்புக்கும் 3 மி.மீ. விட வேண்டும். ஆனால் கடைவாய்ப்பல்லில் வேர் பிரியும் கவட்டை எவ்வளவு கீழே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. ஒரு பக்கக் குறைக்காக இங்கே அது வேண்டியதில்லை.

ஜூன் 6, வியாழன்

ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் விரிப்பு) போட்டு கோர், அதாவது கிரவுனுக்கு அடியில் பல்லைக் கட்டியெழுப்பும் ஃபில்லிங். வேருக்குள் இறக்கும் தண்டான போஸ்ட் வேண்டுமா? போஸ்ட் வேரைப் பலப்படுத்தாது, கோரைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. நரம்பு இருந்த பல்ப் அறையே ஆழமாக இருப்பதால் இங்கே தேவையில்லை. கட்டாயம் என்றால் கீழே பின்வேர், மேலே அண்ணப்பக்க வேர். வேர் நுனியில், கேனாலை நிரப்பிய கட்டா பெர்ச்சா 4–5 மி.மீ. மிஞ்ச வேண்டும். கீழ்ப் பல்லின் முன்வேர் வளைந்தது, கவட்டைப் பக்கச் சுவர் மெலிந்தது, துளை விழும்.

ஒவ்வொரு கேனாலிலும் 2 மி.மீ. கட்டா பெர்ச்சாவைச் சூடான முனையால் எடுத்து அந்தக் குழியையும் கோரில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குமுன் பல்ப் அறையின் தரையை உருப்பெருக்கியில் பாருங்கள்: கட்டா பெர்ச்சாவின் இளஞ்சிவப்புத் துணுக்கும் அதோடு போட்ட சீலர் பூச்சும் மூலைகளில் ஒளிந்திருக்கும். யூஜெனால் கலந்த சீலர் ரெசினை இறுகவிடாது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, சுழலும் பர்ரால் டென்டினை லேசாகப் புதுப்பித்து, 37% ஆசிட் 15 விநாடி, கழுவி பாண்டிங் (ரெசினைப் பல்லோடு ஒட்டும் திரவம்). தரையில் பாண்டிங் குளம் கட்டினால் காற்றடித்துப் பரப்ப வேண்டும்.

இன்னொரு பொறி: ஒரே பாட்டில் அமிலத்தன்மை பாண்டிங்கின் மேல் டூயல் க்யூர் (ஒளியாலும் வேதிவினையாலும் இறுகும்) கோர் போட்டால், ஆக்டிவேட்டர் என்ற துணைத் திரவம் இல்லாமல் சில வகைகள் சேருமிடத்தில் இறுகுவதில்லை. பின்னாளில் கிரவுனும் கோரும் ஒரே கட்டியாகக் கழன்று வரும். பலர் சிமென்ட்டைத் திட்டுவார்கள்.

ஜூன் 7, வெள்ளி

சீவல். ஜிர்கோனியா என்ற பீங்கான் கிரவுனுக்காகப் பல்லின் கடிக்கும் பரப்பில் 1–1.5 மி.மீ., விளிம்பு கோரைத் தாண்டிப் பல்லில். சுவர் உயரம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் பக்கவாட்டில் பள்ளம் வெட்ட வேண்டும். தற்காலிகக் கிரவுன்.

ஜூன் 20, வியாழன்

கிரவுனைப் பொருத்திப் பார்த்ததும் அதன் உள்பக்கம் எச்சில் பட்டுவிட்டது. எச்சிலின் பாஸ்பேட் ஜிர்கோனியாவைப் பற்றிக்கொள்ளும். பாஸ்பாரிக் ஆசிட்டால் கழுவினால் நிலைமை இன்னும் மோசம். 50 மைக்ரான் அலுமினாத் தூளை 2 பார் அழுத்தத்தில் அடித்து, பிறகு ஜிர்கோனியாவோடு ஒட்டும் எம்டிபி பிரைமர், ரெசின் சிமென்ட். பாதி இறுகும்போதே மிச்சத்தை எடுத்து, முடிச்சுப் போட்ட ஃப்ளாஸை இடுக்கு வழியே இழுக்க வேண்டும்.

கடைசியாகக் கடி. 8 மைக்ரான் ஷிம் தாள் (மிக மெல்லிய படலம்) மெல்லக் கடிக்கையில் நழுவி வர வேண்டும், அழுத்திக் கடிக்கையில் பிடிபட வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது இந்தக் கிரவுனில் வண்ணத் தாளின் கோடு விழுந்தால் அதைத் தேய்த்து, மெருகேற்றி விடுவது.