மினியேச்சர் இல்லாமல் சண்டை நடத்த

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் மினியேச்சர் (சிறு பொம்மை) இல்லாத சண்டையில் முதலில் குழம்புவது தூரம்தான். "நான் கதவுகிட்டதானே நின்னேன்?" என்று ஒருவர் கேட்டாலே ஆட்டம் நின்றுவிடும். ஒவ்வொருவர் முறை வரும்போதும் பக்கத்தில் யார், மறைவு எங்கே என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரத்தில் எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று வாதாடவே வேண்டாம்: 20 அடி ஆரத்தை 5-ஆல் வகுத்தால் 4 பேர். 2014 டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. எதிரிகள் நெருக்கியடித்து நின்றால் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம்.

பாலம், மாடி என்று இடம் சிக்கலானால் பிடிவாதம் பிடிக்காமல் 1 அங்குலக் கட்டத்தாளை விரித்துவிடுங்கள். ஒரு கட்டம் 5 அடி. பொம்மைக்குப் பதில் பட்டன் போதும். ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு மட்டும் 2×2 கட்டம் வேண்டும். 2014 விதிகளின்படி 5 அடிச் சந்தில் அது ஒடுங்கித்தான் போகும், அப்போது அதை அடிப்பவருக்குச் சாதகம்.