ஏசி சத்தம்: குமரி மாவட்டக் குறிப்புகள்

மே 6, நாகர்கோவில்
ஏசியில் எந்தச் சத்தம் வந்தாலும் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். ஏசியைக் குளிர்விக்கும் இந்தக் கேஸ் தானாகத் தீராது, கசிந்தால்தான் குறையும். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அந்தப் பணமும் காற்றோடு போகும். நிறுத்தியபின் ஒன்றிரண்டு நிமிடம் 'உஸ்ஸ்' என்று கேட்பது, அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கேஸ் நகரும் ஓசை. அதற்குப் பயம் வேண்டாம். ஓடும்போது விடாமல் சீறி, குளிரும் குறைந்து, இன்டோர் யூனிட்டின் காயிலில் (குழாய்ச்சுருளில்) ஐஸும் பிடித்தால் கசிவைத் தேடலாம்.

மே 9
போட்டதும் அணைத்ததும் 'டிக் டிக்' என்றால் பிளாஸ்டிக் மூடி குளிரில் சுருங்கி விரிகிறது. பழுதில்லை.

மே 21, தக்கலை
'கீச் கீச்' சத்தம். ரிமோட்டில் ஃபேன் மோடு மட்டும் வைத்து வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகத்தோடு சத்தமும் மாறினால் கோளாறு, காற்றை அறைக்குள் தள்ளும் ப்ளோயரில். பெரும்பாலும் மோட்டாருக்கு எதிர்முனையில் ப்ளோயர் அச்சைத் தாங்கும் ரப்பர் புஷ் காய்ந்திருக்கும். எண்ணெய் விட்டால் நாலு நாள் அடங்கும், பிறகு தூசியை இழுத்து இன்னும் கெடும். புஷ்ஷை மாற்றுவதே சரி. கீச்சில்லாமல் 'கடகட' என்று அதிர்ந்தால் ப்ளோயர் இதழ்களில் அழுக்கு ஒரு பக்கமாக அப்பியிருக்கும். கழற்றிக் கழுவ வேண்டும். ஃபில்டரை 15 நாளுக்கு ஒருமுறை கழுவும் வீட்டில் இது அபூர்வம்.

ஜூன் 14, ஆரல்வாய்மொழி
முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, இங்கே ஏசித் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப்புக்குள்ளும் ஏறும். இன்டோர் யூனிட்டில் 'களக் களக்' என்ற சத்தம் அதுதான்: வெளியேற வந்த தண்ணீரை எதிரே வரும் காற்று தள்ளுகிறது. அறையை அடைத்துக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலும் இதே கதி. சன்னலை நாலு விரல் திறந்ததும் நின்றால் சந்தேகமே இல்லை. பைப் முனையைக் காற்று வராத பக்கம் திருப்பி, கீழ்முகமாக விட வேண்டும். வாளித் தண்ணீரில் முனை மூழ்கியிருக்கக் கூடாது. பலர் செய்யும் பிழை அது.

ஜூன் 27, குளச்சல்
கடலோரத்தில் அவுட்டோர் யூனிட் அதிர்ந்தால் கம்ப்ரசரைக் குறை சொல்லுமுன் ஸ்டாண்டைப் பாருங்கள். உப்புக்காற்றில் ஆங்கிளும் திருகும் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். ரப்பர் பேடும் நசுங்கியிருக்கும். நாலு பேடையும் ஒன்றாக மாற்றி, ஸ்டெயின்லெஸ் திருகு போட வேண்டும். இரண்டு செப்புக் குழாய்கள் உரசுகின்றனவா என்று கட்டாயம் பார்க்கவும். உரசல் சிறு 'ர்ர்ர்' சத்தம்தான், ஆனால் நாளடைவில் குழாயை ஓட்டையாக்கிவிடும். இடையில் ரப்பர் வைத்துக் கட்டினால் போதும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் காயிலின் உப்பைக் கழுவலாம். அழுத்தி அடித்தால் தகடுகள் மடங்கும்.

ஜூலை 3
கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று உறுமி, சில நொடியில் 'டக்' என்று நின்று, சற்றுக் கழித்து மறுபடி முயல்கிறதா? வோல்டேஜ் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது, கம்ப்ரசர் சுழல உதவும் மின்பாகமான கெப்பாசிட்டர். அதன் மேல் 45 மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு), கூடக்குறைய 5 சதவீதம் என்று எழுதியிருந்தால், மீட்டரில் 42.75-க்குக் கீழே வந்ததும் மாற்ற வேண்டும். உறுமவிட்டபடியே ஓட்டினால் கம்ப்ரசர் சுருள் கருகும். மின்சாரத்தை அணைத்தபின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் இதை மெக்கானிக்கிடமே விடுங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசருக்கு இந்தக் கெப்பாசிட்டர் கிடையாது. அங்கே பிசிபியில் (மின்சுற்றுப் பலகையில்) சோதனையைத் தொடங்க வேண்டும்.