பாட்டிக்கும் ஒரு பாட்டி வேண்டும்

பாட்டியின் ஜெபத்தைப் பற்றி எத்தனையோ பேர் சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். "என் பாட்டி முழங்காலில் நின்றதால்தான் நான் இன்றைக்கு ஆண்டவருக்குள் நிற்கிறேன்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும். ஆனால் அந்தப் பாட்டிக்காக யார் ஜெபித்தார்கள் என்பது மட்டும் எந்தச் சாட்சியிலும் வருவதில்லை. அவருக்கே சோர்வு வந்த நாட்களில், ஜெபிக்க வாய் வராமல் வெறுமனே உட்கார்ந்திருந்த நாட்களில், யார் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்? நானும் இப்போது ஒரு பாட்டி. நான் கண்டவரைக்கும் பதில் இதுதான்: பெரும்பாலும் இன்னொரு பாட்டி.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் விசுவாசம் அசையாததாகத் தெரியும். இவ்வளவு காலம் ஆண்டவரோடு நடந்தவர்களுக்கு என்ன கவலை இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்தபின் தொடங்கும் இரவுகள் உண்டு, காது மந்தமாகி பிரசங்கத்தில் பாதி விளங்காமல் போவது உண்டு, முழங்கால் மடங்காததால் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபித்துவிட்டு அது சரியான ஜெபம்தானா என்று உறுத்திக்கொண்டே இருப்பது உண்டு. நேற்றுவரை வீட்டையே நடத்திய ஒருத்திக்கு இன்று யாரும் எதையும் கேட்பதில்லை. வேறு சிலருக்கு நேர்மாறாக, ஓய்வெடுக்க வேண்டிய வயதில் பேரப்பிள்ளைகளை முழுநேரமும் வளர்க்கிற பொறுப்பு வந்து சேர்கிறது, அவர்களுக்கு உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடைப்பதில்லை.

இதெல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்துவது ஒன்று இருக்கிறது. மடியில் வைத்துக் கைகூப்பக் கற்றுக்கொடுத்த பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை பாட்டி" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போவது.

என் பேரன் அப்படிச் சொன்னான். நான் அதை வீட்டில் யாரிடமும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தோழியிடம் மட்டும் போனில் சொன்னேன், அவரும் பாட்டிதான், என்னைவிட மூத்தவர். அவர் எனக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்றும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "என் பேத்தியும் இப்போது அங்கேதான் நிற்கிறாள். நீ அவளுக்காக ஜெபம் பண்ணு, நான் உன் பேரனுக்காகப் பண்ணுகிறேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே செய்துகொண்டிருக்கிறோம்.

இதை நீங்களும் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. சொந்தப் பேரப்பிள்ளைக்காக ஜெபிக்கும்போது பயம் முந்திக்கொள்கிறது. வாய் ஜெபிக்கிறது, மனசு கணக்குப் போடுகிறது: நான் எங்கே விட்டேன், அவன் அம்மாவை அப்படி வளர்த்திருக்கக் கூடாதோ, அவனுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கலாமோ. தோழியின் பேத்திக்காக ஜெபிக்கும்போது இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அவளை ஆண்டவர் நேசிக்கிறார், அவளை அவர் விடமாட்டார் என்று என்னால் தயக்கமே இல்லாமல் நம்ப முடிகிறது. அப்படி நம்பி ஜெபித்துவிட்டு எழும்போது, அதே ஆண்டவர்தானே என் பேரனுக்கும் என்று தோன்றிவிடுகிறது. என் பாரத்தை என்னால் நேராக இறக்கி வைக்க முடியாதபோது, தோழியின் பாரத்தைச் சுமந்ததில் என்னுடையது குறைந்திருந்தது.

தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைப் பற்றி வேதத்தில் ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. விசுவாசம் அந்த வீட்டில் பாட்டியிடமிருந்து அம்மா ஐனிக்கேயாளுக்கும், அவர்களிடமிருந்து பிள்ளைக்கும் வந்திருக்கிறது. இதைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் கவனிக்கச் சொல்வது அடுத்து வருவதை. பாட்டியைப் பற்றிச் சொன்ன கையோடு பவுல், தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்று தீமோத்தேயுவுக்குத் தைரியம் சொல்கிறார். அப்படியானால் லோவிசாள் வளர்த்த பிள்ளைக்கும் பயம் இருந்திருக்கிறது, அவனுள் இருந்த அனலை மறுபடி மூட்டிவிட வேண்டியிருந்திருக்கிறது. நல்ல பாட்டி இருந்தால் பிள்ளை தடுமாறவே மாட்டான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பேரப்பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துத் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கும் பாட்டிமாருக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஆனால் எனக்கு எல்லாரையும்விட நெருக்கமானவள் நகோமி. பஞ்சத்துக்குத் தப்பி மோவாபுக்குப் போன இடத்தில் புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு, வாற்கோதுமை அறுப்புத் தொடங்குகிற காலத்தில் பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊர்ப் பெண்கள் ஓடிவந்து "இவள் நகோமியோ" என்று கேட்கிறார்கள். அவள் சொல்லும் பதில் கசப்பு நிறைந்தது: என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள், அதாவது கசப்பானவள், என்று கூப்பிடுங்கள், நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்கிறாள். இப்படிப் பேசலாமா, கர்த்தர் மேல் குறை சொல்லலாமா என்று அந்தப் பெண்கள் அவளைக் கடிந்துகொண்டதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. அவளைப் பேசவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவள் "வெறுமையாய்" என்று சொன்னபோது அவளோடு வந்த மருமகள் ரூத் பக்கத்திலேயேதான் நின்றிருக்கிறாள். துக்கத்தில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணில் படுவதில்லை, அது யாருக்கும் நடக்கும். கதையின் கடைசியில், ரூத்துக்குப் பிள்ளை பிறந்தபிறகு, அதே ஊர்ப் பெண்கள் மறுபடி வருகிறார்கள். நகோமி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் அவர்கள்தான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார்கள், ஏழு குமாரரைப் பார்க்கிலும் அருமையான உன் மருமகள் இவனைப் பெற்றாள் என்று அன்று அவள் காணாத ரூத்தை அவளுக்குக் காட்டுகிறார்கள். பிள்ளையை நகோமி மடியில் வைத்துக்கொள்கிறாள், ஓபேத் என்று பெயர் வைத்ததுகூட அந்த அயல்வீட்டுப் பெண்கள்தான். தாவீதின் தாத்தாவுக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள்! (ஓபேத் நகோமி பெற்ற மகனின் பிள்ளை இல்லை, ரூத்துக்கும் அவள் மறுமணம் செய்துகொண்ட போவாசுக்கும் பிறந்தவன். தத்தெடுத்த பேரப்பிள்ளை, மறுமணத்தின் வழியாக வந்த பேரப்பிள்ளை என்று வளர்க்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம், உங்கள் மடியும் அதே மடிதான்.)

நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம், முதலாம் தெசலோனிக்கேயர் ஐந்தாம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் நன்றி வராத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நமக்காக இன்னொருத்தி ஸ்தோத்திரம் சொல்லலாம் என்பதை நான் பெத்லகேம் பெண்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். துக்கத்தில் இருக்கும் தோழியைப் பார்த்து "நீ நன்றி சொல்லு" என்று சொல்வது பாரத்தின் மேல் பாரம். "இன்றைக்கு உன் மகள் உன்னைப் பார்க்க வந்தாளே, அதற்காக நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்" என்று சொல்வது வேறு. இரண்டாவதைக் கேட்கிறவளுக்குச் செய்ய வேண்டிய கடமை எதுவும் இல்லை, கேட்டுக்கொண்டால் போதும்.

அப்புறம், நன்றி என்றால் பேர் சொல்லிச் சொல்வது நல்லது. 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள், ஒவ்வொன்றிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறது. ஆனால் அது ஒரே வரியைத் திருப்பிச் சொல்கிற பாட்டு மட்டும் இல்லை, வானம், சூரியன், பார்வோன், சீகோன், ஓக் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, கடைசியில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்பதுவரை வந்து நிற்கிறது. நானும் தோழியும் போனை வைப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று சொல்வோம். இன்றைக்கு மாடிப்படி ஏறியபோது வலிக்கவில்லை. பேத்தி தானாகக் கூப்பிட்டாள். மருந்து மாற்றியபின் தூக்கம் வந்தது. இதெல்லாம் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று சொல்லும் விஷயம் இல்லை, ஆனால் ஒரு நாளைத் தாங்கிப் பிடிக்க இதுவே போதுமானதாக இருக்கிறது.

சாட்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் வருத்தப்பட வேண்டாம். பேரன் ஊழியத்துக்குப் போகிறான், பேத்தி வேதப்போட்டியில் பரிசு வாங்கினாள் என்று நாம் சந்தோஷமாகச் சொல்லும்போது, அதே வட்டத்தில் ஒரு பாட்டி தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். சந்தோஷத்தை மறைக்கத் தேவையில்லை. சொல்லி முடித்தபின் அவரிடம் தனியாகப் போய் "உங்கள் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்" என்று கேட்டு, பதில் வரும்வரை நின்றால் போதும். அதேபோல, காலையில் வசனம் எழுதிய படத்தை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதைவிட, ஒருவருக்கு மட்டும் அவர் பெயரைச் சொல்லிக் குரல்பதிவு அனுப்புவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. கண் மங்கியவர்களுக்குப் படத்தில் இருக்கும் சின்ன எழுத்து தெரியாது, குரல் கேட்கும். காது கேளாதவர்களுக்குப் பெரிய எழுத்தில் கையால் எழுதிய ஒரு பக்கம்.

கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கும் பாட்டிமாருக்கு நான் ஃபானி கிராஸ்பியின் பாட்டியைப் பற்றிச் சொல்வதுண்டு. 1820-இல் அமெரிக்காவில் பிறந்த ஃபானி, குழந்தையாக இருக்கும்போதே பார்வை இழந்தவர். அதே ஆண்டில் தகப்பனும் இறந்துபோக, அம்மா வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பாட்டியால் பேத்தியின் பார்வையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, ஆனால் பறவைகளையும் பூக்களையும் வார்த்தையால் வர்ணித்துக் காட்டினார், வேதத்தைச் சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். அந்தப் பேத்தி பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான ஞானப்பாடல்களை எழுதினார். நான்காம் நூற்றாண்டில் பெரிய பேராயராக இருந்த பசிலியுவும் தன் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது, சிறுவயதில் பாட்டி மக்ரீனா கற்றுக்கொடுத்ததை நினைவுகூர்ந்தார். அந்த மக்ரீனா துன்புறுத்தலுக்குத் தப்பிக் கணவரோடு காட்டில் ஒளிந்து வாழ்ந்தவர்.

சோவியத் ஒன்றியத்தின் பாட்டிமாரை இதோடு சேர்க்காமல் விடமுடியாது. பிள்ளைகளுக்குச் சபைகள் மதபோதனை செய்யக்கூடாது என்று தடை இருந்த காலத்தில், திறந்திருந்த கொஞ்சநஞ்ச ஆலயங்களுக்குப் பெரும்பாலும் வந்துகொண்டிருந்தவர்கள் வயதான பெண்கள்தான். பலர் பேரப்பிள்ளைகளுக்கு ரகசியமாக ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இவர்கள் இறந்தவுடன் எல்லாம் முடிந்துவிடும் என்று ஆட்சியாளர்கள் எதிர்பார்த்தார்கள், ஆனால் ஒரு தலைமுறை போனால் அடுத்த தலைமுறைப் பாட்டிமார் அந்த இடத்தில் வந்து நின்றார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஆலயங்கள் மறுபடி திறந்ததைப் பார்க்காமலேயே போனவர்கள். ஆராதனையில் பக்கத்தில் இன்னொரு கிழவி நிற்பதைப் பார்த்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த ஊக்கம் என்று நினைக்கிறேன்.

சொல்லவேண்டியதை எழுதிவைப்பதும் நல்லது. போப் பிரான்சிஸ் தன் பாட்டி ரோசா எழுதிக்கொடுத்த கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தார். 2021-இல் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் என்று ஓர் உலக நாளை ஏற்படுத்தியவரும் அவர்தான், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. எங்களில் சிலர் ஒன்றாக உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறோம். கை நடுங்குகிறவருக்காக இன்னொருவர் எழுதுகிறார், அவர் சொல்லச் சொல்ல. புத்திமதி வேண்டாம், ஆண்டவர் எனக்கு எங்கே உதவினார் என்பதை மட்டும் எழுதுவோம் என்று முடிவுசெய்திருக்கிறோம். விசுவாசம் இல்லை என்று சொன்ன பிள்ளைக்கும் அதே கடிதம், அதே அன்பு, ஒரு வரிகூடக் குறைக்காமல்.

சரி, இதைப் படிக்கிற பாட்டிமாரிடம் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாளாகச் சபையில் காணாத, போனில் "நான் நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிற ஒரு பாட்டி உங்களுக்குத் தெரிந்திருப்பார். இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளின் பெயர்களையும் அவருக்குக் கொடுங்கள்.